சராசரியில் சேராத நாற்பத்தேழு பேர்

நாள் 203 | காலை 06:10

பட்டைகள்: 618. பதில் தந்தவை: 618. சராசரி மனநிலை எண்: 74.6. பூமிக்கு அனுப்பிய நேரம் 06:14. கோளாறு ஏதுமில்லை.

இந்தப் பதிவை யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாததால் சில விவரங்கள். என் பெயர் பியூலா தங்கராஜ். மன அளவீட்டு ஆராய்ச்சியாளர். வயது ஐம்பத்தொன்று. இடம், நிலவின் தென்துருவத்தில் தரைக்கு அடியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகம். இங்கே 618 மாணவர்கள் படிக்கிறார்கள். நான்கு வருடப் படிப்பு. முடியும்வரை ஊர் திரும்ப முடியாது.

ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கிறது. தூக்கம், நாடித்துடிப்பு, மூச்சு, குரல், நடை, சாப்பிட்ட அளவு எல்லாவற்றையும் அது அளந்து தினமும் காலையில் நூற்றுக்கு ஒரு எண் தரும். எண் ஐம்பதுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். யார் கவலைப்பட வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் இல்லை.

அளக்கிற நான் மாணவர்களோடு பேசக் கூடாது. பேசினால் அளவு கெட்டுவிடுமாம். பேசுவதற்கென்று ஆறு மனநல ஆலோசகர் பணியிடங்கள் ஒதுக்கப்பட்டன. வந்தவர் ஒருவர். ஷம்ஷாத் என்று பெயர். ஒப்பந்தம் முடிந்ததும், போன தடவை வந்த கப்பலில் அவரும் போய்விட்டார்.

நாள் 206 | காலை 10:40

சென்னையிலிருந்து மனநல நிதிக் குழுவின் இயக்குநர் ஹேமலதா பேசினார். பதிவிலிருந்து:

"டாக்டர் பியூலா, எழுபத்து நாலைத் தாண்டிட்டோம். முதலீட்டாளர்கள் எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. இந்த வருஷ நிதி முழுசா வருது. புதுப் பட்டைகள் அனுப்பறோம், வேர்வையைக்கூட அளக்கும். சாப்பாட்டுக் கூடத்துல மாட்ட ஒரு பெரிய திரையும் வருது."

"ஆலோசகர்கள் எப்ப வர்றாங்க?" என்று கேட்டேன்.

குரல் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும்.

"நம்பர் நல்லா இருக்கறப்ப ஆலோசகர் எதுக்குன்னு கேப்பாங்க டாக்டர். நம்பர் கொறஞ்சா, குடுத்த பணத்தை என்ன பண்ணீங்கன்னு நிதியையே நிறுத்திடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எண் நன்றாக இருந்தால் ஆள் தேவையில்லை. மோசமாக இருந்தால் ஆளுக்குப் பணமில்லை. திரைக்கு மட்டும் எப்போதும் பணம் இருக்கிறது.

நாள் 209 | காலை 07:30

கோளாறு.

நாற்பத்தேழு பட்டைகளின் நாடித்துடிப்பு சரியாக இல்லை. துடிப்பு சீராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேருக்கு ஒரே நொடியில் ஒரே துடிப்பு. இன்னொரு ஒன்பது பேருக்கும் அப்படியே. ஐந்து கூட்டங்களாகப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தேழு பட்டைகளும் உரியவர்களிடம் இல்லை, வேறு ஐந்து பேரின் உடம்புகளில் இருக்கின்றன.

அந்த ஐந்தில் ஒன்று இரண்டாம் வருட மாணவன் பொன்னுரங்கத்தின் உடம்பு. விதியை மீறி அவன் அறைக்கு உள்பேசியில் பேசினேன்.

"ஆமா மேடம். என்னோடது போக, காலுல நாலு, கையில அஞ்சு கட்டியிருக்கேன். அம்பதுக்குக் கீழ போனா வீட்டுக்குப் பேசுற லைனைக் கட் பண்ணிடுறாங்க. வீட்டுக்குப் பேசுனா ரெண்டு நாளைக்கு நம்பர் எறங்குதாம், அதனால பேசவே விடுறதில்ல. நான் நல்லாத் தூங்குறவன் மேடம். பாவம், அவங்களும் வீட்டுல பேசிட்டுப் போகட்டுமே."

உள்பேசியை வைத்துவிட்டு வெகு நாள் கழித்துச் சிரித்தேன்.

பிறகு அதை அறிக்கையில் எழுதினேன். 'தரவுத் தூய்மையில் குறை' என்று தலைப்புக் கொடுத்து, நாற்பத்தேழு பேரின் பட்டை எண்களையும் இணைத்து அனுப்பினேன். உண்மையான எண்ணைப் பார்த்தால் ஆள் அனுப்புவார்கள் என்று நம்பினேன். இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாள் 210 | காலை 06:10

நிர்வாகம் தலையிட்டதும் பட்டைகள் உரியவர்கள் கைக்குத் திரும்பின. சராசரி 71.2. அந்த நாற்பத்தேழு பேரின் சராசரி மட்டும் 35.

நாள் 213 | மாலை 17:00

பதிவாளர் வைத்தியலிங்கத்தின் ஆணை வந்தது. அதன் சாரம்:

பட்டைகளைச் சாவியில்லாமல் கழற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். முதலீட்டாளர் குழு நாள் 223 அன்று இங்கே வருகிறது, நான்கு நாள் தங்கும். குறைந்த எண் உள்ள நாற்பத்தேழு பேரை நாள் 222 முதல் 'ஓய்வுப் பிரிவு'க்கு மாற்ற வேண்டும். ஓய்வில் இருப்பவர்கள் சராசரியில் சேர மாட்டார்கள்.

ஓய்வுப் பிரிவு என்பது பழைய விதைக்கிடங்கு. உள்பேசியில் கூப்பிட்டு ஆட்சேபம் சொன்னேன்.

"நாலே நாள் டாக்டர்," என்றார். "படுக்கை இருக்கு, சாப்பாடு போகுது, பாட்டுக்கூடப் போடறோம். பசங்க ரெஸ்ட் எடுக்கட்டுமே. இந்த நிதி போச்சுன்னா அடுத்த வருஷம் உங்க வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல."

பட்டியலைப் பார்த்தேன். நான் அறிக்கையில் இணைத்த அதே பட்டியல். வரிசையைக்கூட மாற்றவில்லை.

நாள் 217 | மாலை 18:20

இனி விதியைப் பற்றிக் கவலையில்லை. பட்டியலில் அதிக நாள் கீழேயே கிடக்கும் எண்ணுக்கு உரியவளைக் கூப்பிட்டேன். அங்கயற்கண்ணி, மூன்றாம் வருடம், பாறைப் பொறியியல். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அம்மா பேருந்து நிலையம் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார்.

"நீங்க அளக்குறவங்கதான மேடம்? எனக்கு எவ்வளவு?"

"முப்பத்து நாலு."

"ஒரு மார்க்குல ஃபெயிலா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவளே பேசினாள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை இருபது தடவை படிக்கிறாளாம். குளிக்கப் போகவே பெரிய வேலையாகத் தெரிகிறதாம். முதல் வருடம் அவள்தான் விடுதியில் எல்லோரையும் எழுப்பிவிடுகிறவள். இப்போது அவளை எழுப்ப ஆள் வேண்டியிருக்கிறது.

"ஷம்ஷாத் மேடம் இருந்தப்ப சும்மா போய் உக்காந்துட்டு வருவேன். அவங்க ஒண்ணும் பெருசா சொல்ல மாட்டாங்க. என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். இப்ப யாரும் என்ன ஆச்சுன்னு கேக்குறதில்ல மேடம். எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க."

பதினைந்து நிமிடம் பேசினோம். நாளையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நாள் 221 | காலை 09:15

அங்கயற்கண்ணியின் எண்: 34, 36, 36, 39, 43. நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடப் பேச்சு. வேறு எந்த மாற்றமும் இல்லை. பயிற்சியே இல்லாத என்னால் இவ்வளவு முடிந்தால், தெரிந்த ஒருவர் வந்தால் என்ன நடக்கும்? நூறு பேருக்கு ஓர் ஆலோசகர் போதும். கணக்குப் போட்டு, வரைபடத்தோடு ஹேமலதாவுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. எந்தக் கடிதத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

"அருமையான கண்டுபிடிப்பு டாக்டர். அந்தப் பேச்சை ரெக்கார்ட் பண்ணி மிஷின்ல போட்டுட முடியுமா? ஓய்வுப் பிரிவுலயே சோதிச்சுப் பாத்துடலாம்."

மேசையில் இருந்த தேநீர்க் குவளையைச் சுவரில் எறிந்தேன். இங்கே ஈர்ப்பு குறைவு. அது சுவரில் இடித்து, உடையாமல், மெதுவாக மிதந்து தரைக்கு இறங்கியது. கோபப்படக்கூட இந்த இடம் உதவவில்லை.

நாள் 222 | பகல் 11:00

நாற்பத்தேழு பேரையும் மாற்றிவிட்டார்கள். கதவு வெளியிலிருந்து பூட்டுகிற கதவு. அவர்கள் பட்டைகளின் தொடர்பை என் கணினியிலிருந்து துண்டித்துவிட்டார்கள். சராசரி 74.2. பெரிய திரையில் பச்சை நிறத்தில் ஓடுகிறது.

நாள் 224 | மாலை 16:05

விதைக்கிடங்கின் சுவர்த் தொலைபேசியிலிருந்து அழைப்பு. பேசியவன் இர்ஃபான், மூன்றாம் வருடம், காற்றுப் பொறியியல்.

"மேடம், இங்க ரெண்டு ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. நேத்து ஒண்ணைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. இது இருபது பேருக்கான ரூம், நாங்க நாப்பத்தேழு பேர் இருக்கோம். எல்லாருக்கும் தலைவலி. ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டாங்க. கரியமில வாயு ரெண்டு சதவீதத்தைத் தாண்டியிருக்கும் மேடம், நான் இதைத்தான் படிக்கிறேன், எனக்குத் தெரியும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சுவத்துல ஒரு மிஷின் வச்சிருக்காங்க. காலையிலேருந்து அதுகிட்டதான் சொல்றோம். 'உங்கள் பதட்டம் பத்துக்கு எட்டு. மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்'னு சொல்லுது. ஆபீஸ் நம்பர் யாரும் எடுக்கல. உங்க நம்பர் அங்கயற்கண்ணி குடுத்தா."

பதிவாளரைப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. விருந்தினரோடு இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கெஸ்ட் ரூம்ல காத்து அடைக்குதுன்னு சொன்னாங்க, ஒரு ஃபேன் எடுத்து மாட்டினோம். நாளை மறுநாள் அவங்க கெளம்பினதும் திருப்பி வச்சிடுவோம்."

"வாயு ரெண்டு சதவீதம்னு சொல்றாங்க சார். இப்பவே கதவைத் திறங்க."

"டாக்டர், அவங்க எல்லாருமே பதட்டப்படற பசங்க. நான் சொல்லல, உங்க நம்பர்தானே சொல்லுச்சு."

கத்தினேன். அவர் இணைப்பைத் துண்டித்தார். கதவுக்குப் போனேன், காவலர் திருப்பி அனுப்பினார். நிதிக் குழுவுக்கு அவசரச் செய்தி அனுப்பினேன். 'பெறப்பட்டது' என்று வந்தது. வளாக மருத்துவருக்குச் சொன்னேன். பதிவாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நாள் 225 | பகல் 12:10

கையடக்க அளவுமானியை எடுத்துக்கொண்டு விதைக்கிடங்கின் பின்சுவருக்கு வந்திருக்கிறேன். இங்கே ஓர் அவசரக் கதவு இருப்பதைக் கட்டட வரைபடத்தில் இன்றுதான் பார்த்தேன், காவலர் கிடையாது. கணினியில் இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் பட்டைகள் அலை வீசிக்கொண்டேதான் இருக்கும். சுவர் வழியாகவே படிக்கிறேன்.

நாற்பத்தேழு பட்டைகள். நாடித்துடிப்பு சராசரி 118. மூச்சு நிமிடத்துக்கு 31. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுபோல். கவலையில் இத்தனை பேர் ஒரே மாதிரி மூச்சு வாங்க மாட்டார்கள். இது காற்று.

ஒரு பட்டையில் மட்டும் மூச்சு 8.

கதவின் கைநெம்புகோலை இழுக்க இரண்டு பேர் வேண்டும். பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஓடி வருகிறான்.

நாள் 225 | பகல் 15:40

தட்டச்சுப் பிழைகளைத் திருத்தப் போவதில்லை.

கதவு திறக்க ஆறு நிமிடம் ஆனது. பொன்னுரங்கத்தின் தோள்மூட்டு நழுவிவிட்டது, அப்படியும் அவன் விடவில்லை. திறந்ததும் வந்த காற்று வெதுவெதுப்பாக, புளித்த மாதிரி இருந்தது. கதவுப் பக்கம் கிடந்தவர்கள் தவழ்ந்து வந்தார்கள். இர்ஃபான் ஒவ்வொருவரையும் தொட்டு எண்ணி எண்ணி வெளியே தள்ளினான். நாற்பத்தாறு.

உள்ளே கிடங்கின் கோடியில் விதைப்பெட்டிகள் வைக்கிற பள்ளம் ஒன்று இருக்கிறது. மேலே படுக்கை போதாமல் ஐந்து படுக்கைகளை அதில் போட்டிருந்தார்கள். கரியமில வாயு கனமானது, பள்ளத்தில் தேங்கும். முதல் வருடப் பெண்கள் நான்கு பேரை அங்கயற்கண்ணி காலையிலேயே மேலே தன் தோழிகளோடு படுக்க வைத்துவிட்டாளாம். அவளுக்கு மேலே இடமில்லை. பள்ளத்திலேயே நினைவின்றிக் கிடந்தாள்.

மருத்துவ அறைக்குச் சாப்பாட்டுக் கூடம் வழியாகத்தான் போக வேண்டும். நானும் இர்ஃபானும் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். பின்னால் மற்றவர்கள், சுவரைப் பிடித்தபடி. விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேர். ஒருவர் எழுந்து நின்றார்.

ஒலிபெருக்கியில் பதிவாளரின் குரல் வந்தது: "விருந்தினர்கள் பதற வேண்டாம். இது நம்ம மாணவர்களோட அவசரகாலப் பயிற்சி. மாசம் ஒரு தடவை நடக்கறதுதான்."

கைதட்டினார்கள்.

பதினான்கு பேரும் கைதட்டினார்கள். அங்கயற்கண்ணியின் தலை என் முழங்கைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்மணி கண் கலங்கிக்கூடத் தட்டினார். நான் கத்தினேன். இது பயிற்சி இல்லை, இவள் சாகிறாள் என்று கத்தினேன். நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். தட்டல் இன்னும் பலமாயிற்று.

நாள் 227 | காலை 10:05

விருந்தினர்கள் நேற்று புறப்பட்டார்கள். விசிறி இன்று திரும்ப மாட்டப்பட்டது. நாற்பத்தேழு பட்டைகளும் மறுபடி என் கணினிக்கு வந்தன. சராசரி 71.2. அங்கயற்கண்ணி மயக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய எண் 9.

காலை 09:20க்கு இறந்துவிட்டாள்.

மருத்துவர் சான்றிதழில் 'உடல் பலவீனம்' என்று எழுதியிருக்கிறார். நான் பார்க்கும்போதே எழுதினார்.

நாள் 227 | மாலை 17:30

அருப்புக்கோட்டைக்கு என் சொந்த இணைப்பில் பேசினேன். அலுவலகம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா எடுத்தார். பின்னால் பேருந்துகளின் சத்தம்.

"நெலாவுலேருந்தா பேசுறீங்க? நல்லா இருக்கீங்களாம்மா? எம்மக கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு, படிப்பு சாஸ்தின்னு ஆபீசுல சொன்னாங்க. ஆனா நம்பரு மட்டும் தெனம் காலையில போனுக்கு வந்துரும். முன்னெல்லாம் கொறச்சலா வரும், எனக்கு அடிச்சுக்கும். இப்ப ஒரு வாரமா நல்லா வருதும்மா. இன்னைக்கு எம்பத்தொண்ணு. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுனேன்."

நான் சொன்னேன். "அம்மா, அங்கயற்கண்ணி இன்னிக்குக் காலையில" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். இரண்டரை விநாடி காத்திருந்தேன். ஐந்து விநாடி. பத்து.

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. எந்தச் சொல்லில் துண்டித்தார்கள் என்று தெரியவில்லை. அவர் காதில் எது விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி முயன்றேன். என் இணைப்பு ரத்து செய்யப்பட்டதாகச் செய்தி வருகிறது.

நாள் 228 | காலை 06:10

பட்டைகள் 617. சராசரி 71.3.

ஏறியிருக்கிறது. ஒன்பது என்ற ஓர் எண் கணக்கிலிருந்து போனதால் 0.1 ஏறியிருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன். கணக்கு சரி.

அனுப்பினேன். நிதிக் குழுவின் கணினியிடமிருந்து பதில்:

"ஏற்றத்துக்குப் பாராட்டுகள். ஏற்றத்துக்கான காரணத்தைக் குறிப்பிடவும்."

'அங்கயற்கண்ணி இறந்துவிட்டாள்' என்று எழுதி அனுப்பினேன்.

"தவறான உள்ளீடு. புதிய பட்டைகள், பெரிய திரை, ஓய்வுப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

'அங்கயற்கண்ணி இறந்துவிட்டாள்.'

"தவறான உள்ளீடு."

பதினோரு தடவை அனுப்பினேன். பன்னிரண்டாவது தடவை:

"காரணம் 'ஓய்வுப் பிரிவு' எனப் பதிவு செய்யப்பட்டது. இம்முறை மற்ற வளாகங்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. நன்றி."

நாள் 228 | காலை 06:52

கதவுக்கு வெளியே ஆட்கள். எனக்கு ஒரு பட்டை கொண்டுவந்திருப்பதாகப் பதிவாளர் உள்பேசியில் சொல்கிறார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டாக்டர். ரொம்ப டென்ஷனா இருக்கீங்க."

மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறேன். இங்கே மேசைக்கு அவ்வளவாக எடை இல்லை. ரொம்ப நேரம் தாங்காது.

மூல அளவுகள் எல்லாவற்றையும் இந்தப் பதிவோடு சேர்த்திருக்கிறேன். நாற்பத்தேழு பேரின் மூச்சும் நிமிடம் நிமிடமாக இருக்கிறது. நான் அளந்தவை. பொய் இல்லை. இர்ஃபான் சாட்சி. பொன்னுரங்கம் சாட்சி. அவர்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி. எண்ணைப் பார்க்க வேண்டாம். அருப்புக்கோட்டை பேருந்து நிலையம் பக்கத்தில் இட்லிக் கடை. கடைக்குப் பெயர் கிடையாது, கேட்டால் காட்டுவார்கள். அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.

பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பெட்டியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஓய்வுப் பிரிவில் உள்ளவர்களின் வீடுகளுக்குத் தானாகவே ஓர் எண் போகிறது. அவளை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. இன்று காலையும் அம்மாவுக்குப் போயிருக்கிறது.

எண்பத்திரண்டு